சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்குக் கோட் தைக்கக் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரையும் வைகாசியும் ஏட்டில்தான் இளவேனில். கோட் போட்டுக்கொண்டு ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் நிற்கும் மாப்பிள்ளைக்கு அது அக்னி நட்சத்திரம். துணிக்கடையில் எல்லோரும் மேல் துணியைத் தடவிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் கோட் வேர்க்க வைப்பதும், தொய்வதும், இரண்டே வருடத்தில் நெஞ்சுப் பக்கம் குமிழ் விடுவதும் பெரும்பாலும் உள்ளே வைத்துத் தைத்தவற்றால் வருபவை. அதனால் கீழே உள்ள பதில்களில் உள்பக்கத்துக்கும் இடம் உண்டு.

எவ்வளவு நாள் முன்னால் தைக்கக் கொடுக்க வேண்டும்?

விசேஷத்துக்கு ஆறு வாரம் முன்பு துணி டெய்லர் கையில் இருக்க வேண்டும். இதில் இரண்டு டிரையல் அடங்கும்: காலரும் கையும் நூலோட்டத்தில் (தற்காலிகத் தையலில்) நிற்கும்போது ஒன்று, முடிக்கும் முன் ஒன்று. ஒரே டிரையல் போதும் என்று சொல்லும் கடையில் அந்த டிரையலே கோட் முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான் நடக்கும். அப்போது தோளில் குறை தெரிந்தால் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

மே மாதக் கல்யாணம் என்றால் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதால் மே முழுக்க யூனிஃபார்ம் வேலை வந்து குவியும். தையல்காரர் அவசரப்பட்டால் முதலில் அடிபடுவது காஜாவும் கை ஓரமும்தான்.

வெயில் காலத்துக்கு எந்தத் துணி?

முதலில் எடை, அடுத்து நெசவு, கடைசியாகத்தான் நாரின் பெயர். சூட் துணியின் எடையை மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். 220 முதல் 260 கிராம் வரை நம் ஊருக்குச் சரி. 200-க்குக் கீழே போனால் காற்று வரும், ஆனால் கோட் உடம்பில் நிற்காது. பேன்ட் முழங்காலில் பை போலத் தொங்கும். 300-க்கு மேல் ஊட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நெசவைத் தெரிந்துகொள்ள துணியின் ஒரு மடிப்பை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். நூல்களுக்கு நடுவே ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் காற்று போகும். சாய்வு வரி ஓடும் ட்வில் நெசவு அடர்த்தியானது, சூடு. மேலும் கீழும் மாறி மாறிப் போகும் சாதா நெசவில், நன்றாக முறுக்கிய நூலில் நெய்த கம்பளிதான் 'டிராபிக்கல்' என்று விற்பனைக்கு வருகிறது. கையில் சற்றுச் சொரசொரவென்று இருக்கும். அதைக் குறை என்று தள்ளிவிடாதீர்கள். கசங்கினால் தானே நிமிர்வது அந்த முறுக்கால்தான்.

கம்பளி என்றதும் சூடு என்று நினைப்பது பழக்க தோஷம். கம்பளி நார் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை ஆவியாக உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். பாலியெஸ்டர் கிட்டத்தட்ட எதையும் இழுக்காது. வேர்வை உடம்பிலேயே நிற்கும். பாலியெஸ்டரும் விஸ்கோஸும் (மரக்கூழில் செய்யும் ரேயான்) கலந்த டி.ஆர். துணியில் விலை குறைவு, மினுக்கு அதிகம், வெக்கையும் அதிகம். ஏ.சி. மண்டபத்தில் ஒரு மாலைக்குப் பரவாயில்லை. வாங்கும் சக்திக்குள் நடுவழி வேண்டுமானால் பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்த டெரிவுல் துணியில், கம்பளி பாதிக்குக் குறையாததாகக் கேளுங்கள்.

லினன் குளிர்ச்சியில் முதலிடம், கசங்குவதிலும் முதலிடம். கோட்டுக்கு எடுப்பதென்றால் 60 லீ நூலில் வரும் சட்டைத் துணி உதவாது. லீ எண் கூடக்கூட நூல் மெலியும். ஒரு லீ என்பது ஒரு பவுண்டு நூலில் 300 கஜம். கோட்டுக்கு அதைவிடத் தடித்த, எண் குறைந்த நூலில் நெய்தது வேண்டும்.

'சூப்பர் 150' என்றால் இன்னும் உசத்தியா?

கம்பளித் துணியில் போடும் இந்த எண் சொல்வது நாரின் மெல்லிமையை மட்டும்தான். சூப்பர் 100 என்றால் சராசரி நார் விட்டம் 18.75 மைக்ரானுக்கு மிகக்கூடாது, 120-க்கு 17.75, 150-க்கு 16.25. எண் ஏறினால் வழவழப்பு கூடும், கூடவே கசங்கும், தொடைப் பக்கம் சீக்கிரம் தேயும். வெயிலுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. 100, 110 தாராளமாகப் போதும். இந்த எண் கம்பளிக்கு மட்டுமே உரியது, ஆனாலும் பாலியெஸ்டர் துணியின் கரையில்கூட அதை அச்சடித்து விற்கிறார்கள்.

அப்படியானால் உண்மையான கம்பளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டு முனையில் நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் பொடிக்கலாம். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாகும். பருத்தியும் லினனும் காகிதம் எரிந்த வாசனை. கலப்புத் துணியில் முடி நாற்றமும் வரும், மணியும் நிற்கும். நெடுக்கு நூல், குறுக்கு நூல் இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்த வேண்டும். ஒரு திசையில் மட்டும் கம்பளி ஓட்டிய துணிகள் உண்டு.

எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும்?

58 பன்னாவில் (துணியின் அகலம் 58 இன்ச்) கோட்டும் பேன்ட்டும் சேர்த்து 3.25 மீட்டர். தனிக் கோட்டுக்கு 2 முதல் 2.25. தனிப் பேன்ட்டுக்கு 1.20, உயரம் ஆறடியைத் தொட்டால் 1.30. முழுக்கைச் சட்டைக்கு 58 பன்னாவில் 1.60, 36 பன்னாவில் 2.25 முதல் 2.50 வரை ஆகும். இடுப்பு 40 இன்ச்சுக்கு மேல் என்றால் டெய்லரைக் கேட்காமல் வெட்டச் சொல்லாதீர்கள். கட்டம் போட்ட துணியாக இருந்தால் கால் மீட்டர் கூடுதல்: பாக்கெட் மூடியின் கட்டம் கோட்டின் கட்டத்தோடும், முதுகுத் தையலில் இடது வலதோடும் பொருந்த வேண்டும். பொருத்தமாட்டேன் என்று சொல்லும் கடையில் கட்டத் துணியைக் கொடுப்பதே வீண்.

லைனிங்கை (உள்துணியை)ப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

மேல் துணி எவ்வளவு நல்ல டிராபிக்கல் கம்பளியாக இருந்தாலும், அதற்கடியில் முழுக்கப் பாலியெஸ்டர் டஃபேட்டா வைத்தால் உடம்பைத் தொடுவது பாலியெஸ்டர்தான். துணிக்குக் கொடுத்த காசெல்லாம் அங்கே போய்விடும். கடையில் எதுவும் சொல்லாவிட்டால் வைப்பதும் அதைத்தான்.

இரண்டு காரியம் கேளுங்கள். ஒன்று, லைனிங் விஸ்கோஸாக இருக்கட்டும். அது ஈரத்தை இழுக்கும். பருத்தி குளிர்ச்சிதான், ஆனால் வழுக்காது. கையை நுழைக்கும்போது சட்டைக் கை சுருண்டு முழங்கைக்கு ஏறும். அதனால் எந்த நிலையிலும் கைக்குள் வழுக்கும் லைனிங் வேண்டும். இரண்டு, முதுகில் லைனிங் முழு நீளத்துக்கு வேண்டாம். தோளிலிருந்து அக்குளுக்குக் கீழே ஒரு கை அகலம் வரை வந்தால் போதும். முன்பக்கம் முழுக்க இருக்கட்டும். இதற்குப் பாதி லைனிங் என்று பெயர்.

துணி குறைவதால் கூலியும் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். லைனிங் மறைக்காத இடத்தில் தையல் விளிம்பு வெளியே தெரியும். ஒவ்வொரு விளிம்பையும் நாடா வைத்து மூடித் தைக்க வேண்டும். வெறும் ஓவர்லாக் போட்டுக் கொடுத்தால் நாலு முறை போட்டதும் பிசிறும்.

முதுகு லைனிங்கின் நடுவில் கழுத்திலிருந்து ஒரு மடிப்பு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கையை முன்னால் நீட்டும்போது கம்பளி சற்று நீளும், லைனிங் நீளாது. மடிப்பு இல்லாவிட்டால் அக்குளில் லைனிங் கிழியும்.

கேன்வாஸ், ஃபியூசிங்: எது வேண்டும்?

கோட்டின் நெஞ்சு விறைப்பாக நிற்க உள்ளே ஒரு அடுக்கு வைப்பார்கள். ஃபியூசிங் என்பது பசை தடவிய துணியைச் சூட்டில் ஒட்டுவது. கேன்வாஸ் என்பது பருத்தியும் குதிரை முடியும் கலந்த துணியை நூலால் பிடித்துத் தைப்பது. மெல்லிய துணியில் ஃபியூசிங் வைத்தால் பசை அடுக்கு காற்றை அடைக்கும், நெஞ்சு அட்டை போல நிற்கும். பசை சீராக ஒட்டாவிட்டாலோ, மேல் துணியும் ஃபியூசிங்கும் வேறு வேறு அளவில் சுருங்கினாலோ குமிழ் கிளம்பும். ஒருமுறை குமிழ் வந்த கோட்டை இஸ்திரியால் சரிசெய்ய முடியாது. தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு மறுபடி எழும்பும்.

லேப்பலிலும் (காலரைத் தொடர்ந்து நெஞ்சில் மடிந்து விழும் பகுதி) நெஞ்சிலும் மட்டும் கேன்வாஸ் வைக்கும் பாதிக் கேன்வாஸ் கோட் விலைக்கும் உழைப்புக்கும் நல்ல சமரசம். ஏற்கெனவே தைத்த கோட்டைச் சோதிக்க, கடைசிக் காஜாவுக்குச் சற்று மேலே, முன்பக்கத் துணியையும் உள்பக்கத் துணியையும் இரண்டு விரல்களால் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் எதிலும் ஒட்டாமல் மூன்றாவது அடுக்கு நழுவினால் அது கேன்வாஸ். மெல்லிய அட்டையைப் பிடித்த மாதிரி முன்துணியே தடித்திருந்தால் ஃபியூசிங்.

டிரையலில் என்னென்ன பார்க்க வேண்டும்?

அன்றைக்குப் போடப்போகும் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு போங்கள். டீ-ஷர்ட்டும் செருப்புமாகப் போனால் கை நீளமும் பேன்ட் நீளமும் தப்பும்.

முதலில் தோள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். வெளியே நீட்டினால் கைக்கு மேலே ஒரு பள்ளம் விழும். தோள் தவறினால் மற்ற எல்லாம் தவறு, பின்னால் திருத்தவும் முடியாது. அடுத்து கழுத்து: கோட் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி நடுவில் விரல் நுழைகிறதா? உங்கள் முதுகு வளைவை அளவில் சேர்க்கவில்லை என்று பொருள். இது திருத்தக்கூடியது, ஆனால் இப்போதே சொல்ல வேண்டும்.

மேல் பட்டனைப் போட்டுப் பாருங்கள். பட்டனிலிருந்து நான்கு பக்கமும் பெருக்கல் குறி போல வரி இழுத்தால் இடுப்பு இறுக்கம். பட்டனுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை முஷ்டி போனால் தளர்வு. விரித்த உள்ளங்கை போக வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கோட் கைக்கு வெளியே சட்டைக் கை அரை இன்ச் தெரியட்டும்.

பிறகு கையைத் தூக்குங்கள். மாலை போட, அட்சதை தூவ, பெரியவர்கள் காலைத் தொட இந்தக் கோட்டோடுதான் குனிந்து நிமிர வேண்டும். கை தூக்கியதும் கோட் முழுக்க மேலே ஏறினால் ஆர்ம்ஹோல் (கை இணையும் துளை) கீழே இறங்கிவிட்டது. அதை 'இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க' என்று சொல்லித் திருத்த முயன்றால் நிலைமை மோசமாகும். அக்குளை ஒட்டி மேலே வெட்டிய ஆர்ம்ஹோல்தான் கை அசைய இடம் தரும்.

பேன்ட் சீட் ஏன் கிழிகிறது?

சப்பணம் போட்டு உட்காருவதால். மேலைநாட்டு அளவுப் பட்டியலில் அந்தக் கணக்கே கிடையாது. டிரையலில் நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எழுந்து பாருங்கள். இடுப்பிலிருந்து கவட்டை வரை உள்ள உயரம் குறைவாக இருந்தால் பின் தையல் இழுபட்டு நூல் அறும். பின் தையலை இரட்டைத் தையலாகவும், சற்று இழுத்த நிலையிலும் அடிக்கச் சொல்லுங்கள். நூலுக்கு அப்போதுதான் நீளக் கொஞ்சம் இடம் இருக்கும்.

முன்னால் இடுப்பில் ஒரு பிளீட் (மடிப்பு) வைத்தால் தொடையில் காற்று ஓடும், உட்காரவும் சுகம். பாட்டம் (கால் முனையின் சுற்றளவு) 15 இன்ச்சுக்குக் குறைய வேண்டாம். மெல்லிய கம்பளி என்றால் முன்பக்கம் முழங்கால் வரை மட்டும் லைனிங். இது சூட்டுக்காக அல்ல, வேர்த்த தொடையில் துணி ஒட்டி முழங்கால் பை விழாமல் இருக்க.

சட்டைக்கு?

வெட்டும் முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் நனைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்திக் கொடுங்கள். பருத்தியும் லினனும் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 16 இன்ச் கழுத்தில் 4 சதவீதம் என்பது அரை இன்ச்சுக்கு மேல். பட்டன் போட்ட காலருக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் பக்ரத்தையும் நனைத்து உலர்த்தியே வைக்கச் சொல்லுங்கள். அது தனியாகச் சுருங்கினால் காலர் அலை அலையாக நிற்கும்.

வேர்வை தெரியாத நிறம் எது?

சட்டையில் வெள்ளை. மோசமானவை வெளிர் நீலமும் நடுத்தரச் சாம்பலும். கோட்டில் அடர் நீலம் காப்பாற்றும். மெல்லிய கோடுகளும் பொடிக் கட்டங்களும் வீடியோவில் நெளியும். மேடையில் நிற்பவர் தவிர்ப்பது நல்லது.

ஒரு நாளைக்குத்தானே, வாடகைக்கு எடுத்தால் என்ன?

எடுக்கலாம். மறுபடி கோட் போட வாய்ப்பே இல்லாதவருக்கு அதுவே சரி. தோள் பொருந்துவதை மட்டும் பார்த்து எடுங்கள்; கை நீளத்தைக் கடையிலேயே சரிசெய்து தருவார்கள்.

தைத்து வந்த கோட்டில் பின்பக்கம் வெள்ளை நூலில் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. பிரிக்கலாமா?

பிரித்தே ஆக வேண்டும். கோட்டின் பின் வெட்டு, தொங்கும்போது விரியாமல் இருக்கப் போட்ட தற்காலிகத் தையல் அது. கைப் பக்கம் வெளியே ஒட்டிய கம்பெனி லேபிளையும் எடுங்கள். பக்கப் பாக்கெட்டுகள் மூடித் தைத்திருந்தால் அப்படியே விடலாம். மொபைலைப் போட்டுக் கோட்டைத் தொய்ய வைக்கும் ஆசை வராது.

விசேஷம் முடிந்த இரவு என்ன செய்வது?

பாக்கெட்டைக் காலி செய்து, தோள் பக்கம் இரண்டு விரல் அகலமுள்ள மரம் அல்லது பிளாஸ்டிக் ஹேங்கரில் மாட்டி, ஃபேன் காற்றில் ஒரு இரவு முழுக்க விடுங்கள். கம்பி ஹேங்கர் தோளில் முனை விழ வைக்கும். காலையில் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே திசையில் தட்டித் துலக்குங்கள். ஜிகினா, சரிகைத் துணுக்கு எல்லாம் அப்போதே போக வேண்டும், இல்லாவிட்டால் நூலை அறுக்கும். வேர்த்த கோட்டை அன்றே கவரில் போட்டு பீரோவில் வைப்பதுதான் நாற்றத்துக்கும் பூஞ்சைக்கும் மூல காரணம்.

மஞ்சள், குங்குமம், நெய் பட்டுவிட்டால்?

எந்தக் கறையின் மேலும் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. சூடு கறையைப் பூட்டிவிடும். தேய்க்கவும் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும்.

குங்குமம் உலர்ந்த பொடி, தண்ணீர் பட்டால் சாயம். துணியை இழுத்துப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து சுண்டுங்கள். மிச்சத்தை ஒட்டும் டேப்பால் லேசாக ஒற்றி எடுங்கள். சந்தனம் ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். காய்ந்ததும் பிரஷ்ஷில் உதிரும். நெய், எண்ணெய் பட்ட இடத்தில் முகப் பவுடரைத் தாராளமாகக் கொட்டி அரை மணி நேரம் விட்டுத் தட்டுங்கள். பாயசமும் பாலும் என்றால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள், வெந்நீர் வேண்டவே வேண்டாம்.

மஞ்சள் தனி ரகம். வெள்ளைப் பருத்திச் சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் அப்படித்தான் மாறும். பயந்து பிளீச் ஊற்றாதீர்கள். அலசிவிட்டு ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப் போடுங்கள். குர்குமின் ஒளி தாங்காது, இரண்டு மூன்று வெயிலில் வெளுக்கும். இந்த வைத்தியம் கோட்டுக்கு ஆகாது, ஏனெனில் வெயில் கோட்டின் சாயத்தையும் வெளுக்கும். சாம்பார் பட்ட கோட்டை ஸ்பூன் முனையால் வழித்துவிட்டு இரண்டு நாளுக்குள் டிரை வாஷ் கொடுங்கள். கறை பட்ட இடத்தில் ஒரு நூலைக் கட்டி, 'இது மஞ்சள்' என்று வாயாலும் சொல்லுங்கள்.

எத்தனை தடவைக்கு ஒருமுறை டிரை வாஷ்?

கறை இல்லாவிட்டால் நாலைந்து தடவைக்கு ஒன்று. டிரை வாஷ் கரைப்பான் எண்ணெயைக் கரைக்கும். வேர்வை உப்பு நீரில் கரைவது, அதை அது சரியாக எடுக்காது. அக்குள் லைனிங்கை ஈரத் துணியால் தனியாகத் துடைக்கச் சொல்ல வேண்டும். கோட்டையும் பேன்ட்டையும் எப்போதும் சேர்த்தே கொடுங்கள். ஒன்று மட்டும் நாலு முறை போய் வந்தால் நிறம் பிரிந்து தெரியும்.

வீட்டிலோ தெரு இஸ்திரிக் கடையிலோ தேய்க்கலாமா?

கரிப்பெட்டி பருத்திச் சட்டைக்கும் லினனுக்கும் அருமை. கோட்டுக்கு வேண்டாம், அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது, எடையும் லேப்பலைத் தட்டையாக நசுக்கிவிடும். லேப்பல் மடிப்பு கத்தி முனையாக இல்லாமல் உருண்டு திரும்ப வேண்டும்.

வீட்டில் தேய்ப்பதென்றால் பெட்டியில் இரண்டு புள்ளி அளவு, அதாவது 150 டிகிரி, கம்பளிக்கு. ஒரு புள்ளி, 110 டிகிரி, பாலியெஸ்டருக்கு. மூன்று புள்ளி லினனுக்கும் பருத்திக்கும். கம்பளியின் மேல் ஈரமாக்கிப் பிழிந்த பழைய வேட்டித் துண்டை விரித்து, பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். நேராகத் தேய்த்தால் நார் நசுங்கி முழங்காலும் சீட்டும் பளபளக்கும், டி.ஆர். துணியில் வந்த பளபளப்பு போகவே போகாது. லினனை உட்புறம் திருப்பி, அரை ஈரத்தில் தேய்க்க வேண்டும்.

பீரோவில் அந்துருண்டை போடலாமா?

சுத்தமான கோட்டுக்கு மட்டும். பூச்சிப் புழு வேர்வையும் உணவும் ஒட்டிய கம்பளியைத்தான் முதலில் தேடும். நாப்தலின் உருண்டையை மெல்லிய துணியில் முடிந்து மேலே கட்டுங்கள்; அதன் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கும். துணியில் படக்கூடாது, குழந்தைத் துணி இருக்கும் பீரோவில் வைக்கவே கூடாது. கூடவே கற்பூரத்தையும் போடுவது பல வீடுகளில் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் இளகி வழிந்து கறை படியும். ஏதாவது ஒன்று போதும்.

டிரை வாஷ் கடையின் பிளாஸ்டிக் கவரை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டுப் பருத்தி உறையோ பழைய வேட்டியோ போர்த்துங்கள். ஐப்பசி மழையில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஃபேனில் காட்டுங்கள். பூஞ்சை பூத்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாதீர்கள்; வெளியே கொண்டுபோய்ப் பிரஷ் போட்டு, நேரே டிரை வாஷ்.

இரண்டு வருடத்தில் உடம்பு ஏறிவிட்டால் பிரித்துத் தைக்க முடியுமா?

அது இன்றைக்கே முடிவாகிற விஷயம். தைக்கும்போதே பேன்ட் பின் தையலில் ஒன்றரை இன்ச், கோட் பக்கத் தையலிலும் முதுகிலும் முக்கால் இன்ச் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். அப்படி விட்டால் இடுப்பு இரண்டு இன்ச் வரை ஏறினாலும் சமாளிக்கலாம். கை நீளத்தை மாற்றலாம், ஆனால் கைப் பட்டன்களுக்கு நிஜக் காஜா வெட்டிவிட்டால் மாற்ற முடியாது. தோள் அகலம், கோட் நீளம் இரண்டும் முடியாது. கோட் நீளத்தை மாற்றுவதைக் கீழ்ப் பாக்கெட் இருக்கும் இடம் தடுக்கும். மிச்சம் விழும் வெட்டுத் துணியையும் இரண்டு பட்டன்களையும் கேட்டு வாங்கி, கோட்டின் உள் பாக்கெட்டிலேயே வையுங்கள். சிகரெட் சூடு, ஆணிக் கிழிசல் என்றால் அதே துணியின் நூலை எடுத்துத்தான் இழையோட முடியும்.